மலைக்கு அந்தப் பக்கம் ஓடும் சர்வர்: ஏலக்காய் வணிகமும் கிளவுடின் குறைகளும்

1. கேள்வி

சிறு ஏலக்காயின் மின்னணு ஏலத்துக்குப் பெயர்போன இடங்கள் இரண்டு. ஒன்று, இடுக்கி மாவட்டம் வண்டன்மேட்டை அடுத்த புற்றடியில் உள்ள ஸ்பைசஸ் பார்க். மற்றது, தேனி மாவட்டம் போடிநாயக்கனூர். நடுவில் மலை, மலைமேல் மாநில எல்லை. தோட்டம் கேரளத்தில் இருக்கும், தோட்டக்காரர் வீடு கம்பத்தில் இருக்கும். காய் எடுக்கும் பெண்கள் விடியற்காலையில் ஜீப்பில் கம்பம்மெட்டோ போடிமெட்டோ ஏறி, பொழுது சாய்ந்ததும் இறங்குவார்கள். காயை வாங்குகிறவர் பெரும்பாலும் போடி வியாபாரி. 2021-இல் ஸ்பைசஸ் போர்டு இந்த இரண்டு மையங்களையும் கிளவுட் வழியே இணைத்தது. புற்றடியில் நடக்கும் ஏலத்தில் போடிக் கூடத்தில் இருப்பவரும், போடியில் நடக்கும் ஏலத்தில் புற்றடிக் கூடத்தில் இருப்பவரும் ஒரே நேரத்தில் விலை கேட்க வழி பிறந்தது.

அதைச் சுற்றியுள்ள தொழில்களும் மெல்ல அதே பக்கம் நகர்கின்றன. ஏலக் கம்பெனிகளின் விவசாயி கணக்கு, வியாபாரிகளின் பில்லிங், பாலக்காட்டுச் சித்தூர் பக்கத்துப் பால் சங்கங்களின் அளவைப் பதிவு, கஞ்சிக்கோடு தொழிற்பேட்டையின் சரக்கு இருப்பு என்று பலவற்றைப் பற்றியும் மென்பொருள் விற்க வருகிறவர் சொல்வது ஒன்றுதான்: “கிளவுடுக்குப் போய்விடுங்கள்.” அப்படிப் போகிற சிறு தொழிலுக்கு அமேசான் வெப் சர்வீசஸ் போன்ற பெருந்தளம் ஒன்றின் குறைகள் என்னவாக வந்து சேர்கின்றன என்பதே இக்கட்டுரையின் கேள்வி. உலகம் முழுக்கப் புழங்கும் குறைப்பட்டியல் ஒன்று உண்டு. அதன் வரிசை இந்த எல்லைப்புறத்துக்குப் பொருந்தவில்லை என்பது என் வாதம்.

2. பழைய பட்டியல்

அமேசான் தன் சேமிப்புச் சேவையை 2006 மார்ச்சிலும், கணினியை மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் சேவையை அதே ஆண்டு ஆகஸ்டிலும் தொடங்கியது. மூன்று ஆண்டு கழித்து, 2009 பிப்ரவரியில், கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கிளவுட் வளர்ச்சிக்குப் பத்துத் தடைகளைப் பட்டியலிட்டார்கள். முதலாவது, சேவை நிற்காமல் கிடைக்குமா என்பது. இரண்டாவது, தரவு ஒரே இடத்தில் பூட்டப்படுவது. அடுத்து ரகசியம், தணிக்கை. அதற்கடுத்து, பெருந்தரவை வலைவழி நகர்த்துவதன் செலவும் நேரமும். பிறகு வந்த வணிக எழுத்துகள் பெரும்பாலும் இந்தப் பட்டியலைத்தான் வெவ்வேறு சொற்களில் திருப்பிச் சொல்கின்றன.

பட்டியலில் பிழை இல்லை. ஆனால் அதற்கு அடியில் ஒரு ஊகம் உண்டு. தளத்தை வாங்குகிற தொழில், தளத்தோடு நேரடியாகப் பேசுகிறது. அதனிடம் பொறியாளர் இருக்கிறார். ஒப்பந்தத்தை வாசிக்க வக்கீல் இருக்கிறார். போடியிலோ நெடுங்கண்டத்திலோ இந்த மூன்றும் சேர்ந்து அமைவது அரிது. அங்கே கிளவுட் வருவது கொச்சியிலிருந்தோ கோயம்புத்தூரிலிருந்தோ மென்பொருள் விற்க வரும் ஒருவர் மூலம். தளத்தில் கணக்கு அவர் பெயரில், பில் அவருக்கு. தொழில் நடத்துகிறவருக்குத் தெரிவது ஆண்டுச் சந்தா மட்டும். மற்றொன்று: பில்லையே படிக்க முடியாமல் போவது பெர்க்லிக்காரர்களின் பத்தில் தனித் தடையாக இடம்பெறவே இல்லை. அன்றைக்கு அமேசானின் சேவைகள் சிலவே. இன்று இருநூற்றைத் தாண்டிவிட்டன.

3. நின்றுபோவது எவ்வளவு பெரிய குறை?

2025 அக்டோபர் 20, தீபாவளி. நம் நேரப்படி நண்பகலுக்குச் சற்றுப் பிறகு அமேசானின் வர்ஜீனியா மையத்தில் கோளாறு தொடங்கியது. டைனமோ டிபி என்ற தரவுத்தளத்தின் முகவரிப் பதிவை நிர்வகிக்கும் தானியங்கி முறைக்குள் இரண்டு வேலைகள் ஒன்றையொன்று முந்தியதில் முகவரியே வெற்றாகிவிட்டது. முழுதாகச் சரியாக ஏறத்தாழ 15 மணி நேரம் ஆனது. ஸ்நாப்சாட், சிக்னல் உட்பட உலகெங்கும் சேவைகள் தடுமாறின. மும்பையில் 2016 முதலும் ஹைதராபாத்தில் 2022 முதலும் அமேசானுக்குத் தரவு மையங்கள் உண்டு. ஆனாலும் கணக்கு அனுமதிகளை மாற்றுவது போன்ற சில பொதுப் பணிகள் வர்ஜீனியாவைச் சார்ந்தே நடக்கின்றன என்பது அன்று வெளிப்பட்டது.

இத்தகைய நாட்கள் செய்தியாகின்றன. ஆகவே முடக்கமே கிளவுடின் தலையாய குறை என்ற எண்ணம் நிலைத்துவிட்டது. ஏலக்காய் வணிகத்தின் அனுபவத்தை அருகில் வைத்துப் பார்த்தால் இது மிகை.

ஏலக்கூடத்துக்குள் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தால் இது விளங்கும். மின்னணு ஏலம் என்றதும் வீட்டிலிருந்து கைபேசியில் விலை கேட்பது நினைவுக்கு வரும். இங்கே அப்படியில்லை. 2007 வாக்கில் வாய்மொழி ஏலம் கணினிக்கு மாறியபோதும் கூடம் கூடமாகவே இருந்தது. வியாபாரிகள் வரிசையாக மேசைகளில், ஆளுக்கொரு கணினி. ஒவ்வொரு லாட்டின் மாதிரியும் சிறு பொட்டலமாகக் கைக்கு வரும். பிரித்துத் தட்டில் கொட்டி, நிறம் பார்த்து, ஒன்றிரண்டை நகத்தால் கீறி உள்ளே அரி கறுப்பா, பிஞ்சா என்று பார்ப்பார்கள். எட்டு மில்லிக் காய் எவ்வளவு, உடைசல் எவ்வளவு என்று கண்ணாலேயே தேறிவிடும். திரையில் லாட் எண் வரும், விலை ஏறும், சில நொடிகளில் முடிந்து அடுத்தது வரும். பார்த்து முடித்த காய் மேசைக்கடியில் குவியும். கணினி செய்வது கடைசி வேலை மட்டும்: யார் எவ்வளவு கேட்டார் என்பதைச் சத்தமில்லாமல், சண்டையில்லாமல் பதிவதும், விலையை எல்லோருக்கும் காட்டுவதும். தரம் பார்ப்பது, ஆளை நம்புவது, கடன் தவணை பேசுவது எல்லாம் கூடத்தில் நடக்கின்றன.

ஆகவே சர்வர் ஒரு மணி நேரம் நின்றால் ஒரு மணி நேரம் டீ குடிக்கலாம். காய் அங்கேயே இருக்கிறது, ஆட்களும் அங்கேயே. இந்த வணிகத்தை உண்மையில் நிறுத்தியவை வேறு. 2018 ஆகஸ்டில் இடுக்கி அணையின் ஷட்டர்கள் 26 ஆண்டுகளுக்குப் பிறகு திறக்கப்பட்ட அந்த வெள்ளக் காலத்தில் சாலைகள் போயின. 2020 மார்ச்சில் ஊரடங்கு ஏலத்தை நிறுத்தியது. மே கடைசியில் புற்றடியில் மீண்டும் தொடங்கியபோது போடி வியாபாரிகள் எல்லை தாண்டி வருவதே பெரும்பாடு. 2021-இன் கிளவுட் இணைப்பை இந்தப் பின்னணியில் வைத்துத்தான் மதிப்பிட வேண்டும். மலையேறாமலே மறுமையத்து ஏலத்தில் கலந்துகொள்ள அது வழி செய்தது. இந்த நன்மையைக் குறைத்துச் சொல்வது நேர்மையாகாது.

ஆனால் அதே இணைப்பு முன்பு இல்லாத ஒரு குறையையும் கொண்டுவரும் இயல்புடையது. எல்லோரும் ஒரே கூடத்தில், ஒரே உள்வலையில் இருந்தால் தாமதம் எல்லோருக்கும் சமம். இரு கூடங்களும் தொலைவிலுள்ள ஒரே சர்வரை நம்பும்போது, ஒரு கூடத்தின் கேபிள் தடுமாறினால் அந்தக் கூடத்தில் இருப்பவரின் விலை மட்டும் பிந்திப் போகும். லாட் முடிந்ததா என்பதைச் சர்வரின் கடிகாரம்தான் தீர்மானிக்கிறது. 2019 ஆகஸ்டில் புற்றடியில் கிலோ 7,000 ரூபாய் வரை விலை போன சரக்கு இது. அதில் ஒரு நொடி சின்ன விஷயமல்ல. தளம் முழுதாக நின்றால் யாருக்கும் நட்டமில்லாமல் ஏலத்தைத் தள்ளிவைக்கலாம். அரைகுறையாக ஓடும்போதுதான் ஒருவருக்கு லாபமும் இன்னொருவருக்கு நட்டமும். முடக்கத்தைவிடச் சமமின்மைக்கு அஞ்ச வேண்டும் என்று நான் கருதுவது இதனால்.

மேலும், மலையில் முதலில் அறுவது தளத்தின் பக்கத்துக் கண்ணி அல்ல. 2020 ஆகஸ்ட் 6 இரவு இடுக்கி மாவட்டப் பெட்டிமுடியில் மண் சரிந்து எழுபது தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர் மாண்டபோது, மின்சாரமும் கைபேசி இணைப்பும் இல்லாததால் செய்தி வெளியே வர மறுநாள் காலை ஆனது. அந்தத் துயரத்தை வணிகக் கணக்கோடு சேர்த்துப் பேசத் தயக்கமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் மலையின் தகவல் தொடர்பு எதில் தொங்கிக்கொண்டிருக்கிறது என்பதற்கு அதைவிடக் கடுமையான சான்று இல்லை. தளம் தன் ஒப்பந்தத்தில் 99.99 விழுக்காடு என்று எழுதித் தருவது மும்பை மையத்தின் வாசல்வரைதான். அதற்குப் பிறகான வழி உங்கள் பாடு.

4. பில்

மாதம் 500 ஜிபி தரவு வெளியே போகும் ஒரு ஏலக் கம்பெனியை எண்ணிக்கொள்வோம். எடைச்சீட்டுப் படங்கள், விவசாயிகளின் கைபேசிக்குப் போகும் விலைப்பட்டியல், தணிக்கையாளர் இறக்கிக்கொள்ளும் கணக்குகள் எல்லாம் அதில் அடக்கம். தரவை உள்ளே ஏற்ற அமேசான் காசு கேட்பதில்லை, வெளியே எடுக்கத்தான் கேட்கிறது. மாதம் 100 ஜிபி வரை இலவசம். அதற்குமேல் மும்பையில் ஜிபிக்கு 0.1093 டாலர். 400 ஜிபிக்கு 43.72 டாலர். டாலர் 2021 தொடக்கத்தில் இருந்ததுபோல் 73 ரூபாய் என்று வைத்தால், 18 விழுக்காடு ஜிஎஸ்டியோடு 3,766 ரூபாய். டாலர் 88-ஐத் தொட்ட 2025-இல் அதே அளவுக்கு 4,540 ரூபாய். கம்பெனி கூடுதலாக ஒன்றும் செய்யவில்லை. தளமும் விலையை ஏற்றவில்லை. பில் ரூபாயில் வந்தாலும் விலை டாலரில் இருக்கிறது. வரியை உள்ளீட்டு வரவாகக் கழித்துக்கொள்ளலாம் என்பது சரி, ஆனால் முதலில் கைக்காசு போக வேண்டும். ஏலக்காய்க்காரருக்கு விலை ஏறி இறங்குவது புதிதல்ல. ஆனால் காயின் விலையைக் கூடத்தில் கண்ணால் பார்க்கிறார். இதை மாதக் கடைசியில்தான் பார்க்கிறார்.

தொகை பெரிதில்லையே என்று கேட்கலாம். பெரிதில்லைதான். ஆனால் பில்லில் இது ஒரு வரி. சர்வர்களை வெளியார் கண்ணில் படாமல் வைக்க ‘நாட் கேட்வே’ என்று ஒன்று போடுவார்கள். மும்பையில் மணிக்கு 0.056 டாலர். ஒரு பைட் ஓடாவிட்டாலும் மாதம் 40.88 டாலர், ஓடினால் ஜிபிக்கு அதே 0.056 மேலும். 2024 பிப்ரவரி முதல் ஒவ்வொரு பொது முகவரிக்கும் தனி வாடகை, மாதம் 3.65 டாலர். நிறுத்திவைத்த சர்வரின் வட்டு, எவரும் அழிக்காத பழைய பிரதிகள், பதிவேடுகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வரி. மென்பொருள்காரர் சோதனைக்குப் போட்டுவிட்டு மறந்த ஒன்றுக்கு இரண்டு ஆண்டாகக் காசு போய்க்கொண்டிருக்கலாம். நிறுத்த வேண்டும் என்று கேட்க ஏலக் கம்பெனிக் கணக்கருக்கு அது இருப்பதே தெரியாது.

இந்த இடத்தில்தான் தளத்தின் வடிவமைப்பையே குறை சொல்ல வேண்டியிருக்கிறது. வரம்பு வைத்தால் தாண்டும்போது எச்சரிக்கை வரும், தனியாக ஏற்பாடு செய்யாதவரை ஓட்டம் தானாக நிற்காது. கணக்கு வெளியாவதும் சில மணி நேரம் பிந்தித்தான். 2024-இல் ஐரோப்பியப் பொறியாளர் ஒருவர் சோதனைக்காக அமேசானில் ஒரு வெற்றுச் சேமிப்பு வாளியைத் திறந்துவைத்தார். வேறு எங்கோ பரவலாகப் புழங்கும் ஒரு மென்பொருளில் தற்செயலாக அதே பெயர் இருந்ததால், ஒரே நாளில் கிட்டத்தட்ட 10 கோடி கோரிக்கைகள் வந்து மோதின. அத்தனையும் அனுமதி மறுக்கப்பட்டவை. பில் மட்டும் 1,300 டாலருக்குமேல். அமேசான் அந்தப் பில்லை விதிவிலக்காகத் தள்ளுபடி செய்தது, அவர் வெளியே எழுதிய அடுத்த மாதமே விதியையும் மாற்றியது. எழுதத் தெரிந்தவர், எழுதினால் படிக்க உலகம் இருப்பவர். வண்டன்மேட்டில் அதே பில் வந்தால் என்ன ஆகும்? இலவச நிலையில் உள்ள கணக்குக்குத் தொழில்நுட்ப உதவிக்கு ஆள் கிடையாது. பில், கணக்குச் சந்தேகங்களுக்கு மட்டும்தான்.

5. யார் பெயரில் இருக்கிறது?

கேரளத்திலேயே நடந்த ஒரு வழக்கு இந்தக் கேள்வியைத் தெளிவாக்குகிறது. 2020 ஏப்ரலில் கொரோனா தனிமையில் இருந்தவர்களின் தரவைத் திரட்டக் கேரள அரசு ஸ்பிரிங்ளர் என்ற அமெரிக்க நிறுவனத்தின் மென்பொருளைப் பயன்படுத்தியது. எதிர்க்கட்சித் தலைவர் ரமேஷ் சென்னித்தலா எதிர்த்தார், விஷயம் உயர் நீதிமன்றம் போனது. தரவு அமேசானின் மும்பை மையத்தில், அதாவது இந்திய மண்ணில்தான் இருந்தது. ஆனால் ஒப்பந்தப்படி தகராறு வந்தால் நியூயார்க் நீதிமன்றம். ஏப்ரல் 24-இன் இடைக்கால உத்தரவு, தரவில் ஆள் அடையாளம் தெரியாதபடி செய்த பிறகே நிறுவனத்துக்குக் காட்ட வேண்டும் என்றது. மே மாதம் அரசு, தரவு முழுவதும் தன் சி-டிட் நிறுவனத்தின் கணக்குக்கு மாற்றப்பட்டுவிட்டதாக நீதிமன்றத்தில் தெரிவித்தது. அந்தக் கணக்கும் அமேசானில்தான்.

இந்தக் கடைசி விவரத்தைச் சிலர் கேலியாகச் சொன்னார்கள். எனக்கு அதில்தான் சாரம் தெரிகிறது. வீடு மாறவில்லை, பட்டா மாறியது. அந்த மாற்றமே பெரிய மாற்றமாக இருந்தது. இடைத்தரகர் பெயரில் கணக்கு இருக்கும்வரை, தரவை யார் பார்க்கலாம், எப்போது எடுக்கலாம் என்பதை அவரே தீர்மானிப்பார். ஓர் அரசுக்கே அதை மாற்ற ஊர் பேச வேண்டியிருந்தது, நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. ஏலக் கம்பெனிக்கு மென்பொருள்காரரோடு மனக்கசப்பு வந்தால் பத்தாண்டு விவசாயி கணக்கு யார் கையில்?

பொறுப்பு மட்டும் கம்பெனியிடம்தான். தளத்தைக் காப்பது எங்கள் வேலை, அதில் நீங்கள் வைப்பதைக் காப்பது உங்கள் வேலை என்பது அமேசான் விதி. 2019-இல் அமெரிக்காவின் கேப்பிடல் ஒன் வங்கி தன் அமைப்பில் விட்ட ஓட்டை வழியே 10 கோடிக்கும் மேற்பட்டோரின் தரவு களவு போனது. 8 கோடி டாலர் அபராதம் கட்டியது வங்கி. நம் நாட்டில் 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம் என்கிறது. விவசாயியின் ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கும் வாங்கிவைத்திருக்கும் ஏலக் கம்பெனி, சட்டத்தின் பார்வையில் பதில் சொல்ல வேண்டியவர். சர்வரின் கடவுச்சொல்கூடத் தெரியாதவரானாலும்.

நேரடியாக வாங்கினால் தப்பிவிடலாமா? 2025 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம் குஜராத்தின் வாடினார் சுத்திகரிப்பு ஆலையை நடத்தும் நயாரா எனர்ஜி மீது தடை விதித்தது. ரஷ்யாவின் ரோஸ்னெஃப்டுக்கு அதில் 49.13 விழுக்காடு பங்கு. சில நாட்களிலேயே மைக்ரோசாஃப்ட் தன் சேவைகளை நிறுத்தியது. நயாரா டெல்லி உயர் நீதிமன்றம் போன பிறகு அவை திரும்ப வந்தன. காசு கட்டியிருந்தும், இந்தியச் சட்டத்தில் குற்றம் ஏதுமில்லாமலும் மின்னஞ்சல் நின்றது. ஆனால் நயாராவுக்கு டெல்லியில் வக்கீல் நிறுத்த வசதி இருந்தது.

6. எதிர்வாதங்கள்

சொந்த சர்வர் வைத்துக்கொண்டால் போதும் என்ற முடிவுக்கு இது இட்டுச் செல்வதாகத் தோன்றலாம். சான்றுகள் அப்படிச் சொல்லவில்லை. 2018 பிப்ரவரி 1-ஆம் தேதி இ-வே பில் கட்டாயமான அன்றே அரசின் தேசியத் தகவலியல் மையம் நடத்திய தளம் படுத்துவிட்டது. திட்டம் ஏப்ரலுக்குத் தள்ளிப்போனது. வாளையார் வழி சரக்கு ஏற்றும் பாலக்காட்டுத் தொழில்கள் எல்லாவற்றுக்கும் உயிர்நாடி அந்தச் சீட்டு. அது அந்நிய நாட்டுத் தளமல்ல. தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் சோஹோ, அமேசானை நம்பாமல் சொந்தத் தரவு மையங்களில் ஓடுகிறது. அது ரூபாய்ப் பில்லையும் தமிழில் பேசும் ஆளையும் தரக்கூடும், ஆனால் உள்ளே போன கணக்கை வேறு வடிவில் வெளியே எடுக்கும் சிக்கல் அங்கும் உண்டு.

அமெரிக்காவின் 37சிக்னல்ஸ் நிறுவனம் கிளவுடுக்கு ஆண்டுக்கு 32 லட்சம் டாலர் செலவழித்துப் பார்த்துவிட்டுச் சொந்த இயந்திரங்களுக்குத் திரும்பி மிச்சம் பிடித்ததை அடிக்கடி எடுத்துக்காட்டுவார்கள். இங்கே அது பொருந்தாது. அவர்கள் மென்பொருள் எழுதுகிறவர்கள். இயந்திரம் படுத்தால் எழுப்பத் தெரியும். உடும்பன்சோலைக் கம்பெனியின் பின்னறையில் டேலி ஓடும் கணினி, மழைக்காலத்தில் மின்னல் இறங்கினால் போயிற்று.

அதிகம் கற்றுத் தருவது ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் ஓய்வூதிய நிதியின் கதை. 2024 மே மாதம் கூகுள் கிளவுட் தன் அமைப்புப் பிழையால் அந்த நிதியின் கணக்கையே அழித்தது. ஆறு லட்சத்துக்குமேல் உறுப்பினர்கள் ஒரு வாரத்துக்கு மேல் தங்கள் இருப்பைப் பார்க்க முடியவில்லை. மீண்டது எதனால் என்றால், வேறொரு நிறுவனத்திடமும் நகல் வைத்திருந்தார்கள். இரண்டு இடத்தில் காசு கட்டுவது வீண் என்று எந்தக் கணக்கரும் சொல்லியிருப்பார்.

7. வெளியேறும் வழி

ஆக, வரிசையை நான் இப்படி மாற்றி எழுதுவேன்: யார் பெயரில் கணக்கு, எந்த வழியில் வெளியேறுவது என்பது முதலில், படிக்க முடியாத பில் அடுத்து, தளம் நின்றுபோவது வெகு பின்னால். முதலிரண்டும் பேரம் பேசும் வலிமையைச் சார்ந்தவை. அந்த வலிமை ஏலக் கம்பெனிக்குத் தனியாக இல்லை. ஒரே உரிம விதிகளின் கீழ் இயங்கும் ஏல நிறுவனங்கள் பத்துக்கும் மேல் உண்டு. அவற்றில் கூட்டுறவுச் சங்கமும், விவசாயிகளும் பெண்களும் சேர்ந்து நடத்தும் கம்பெனிகளும் அடக்கம். ஒவ்வொன்றும் தனித்தனியே மென்பொருள் வாங்குவதற்குப் பதிலாகச் சேர்ந்து வாங்கினால், தளத்துக் கணக்கு எங்கள் பெயரில், மாதம் ஒரு முழு நகல் எங்கள் கையில், பில்லின் நகல் எங்களுக்கும் என்ற மூன்று நிபந்தனைகளையாவது எழுதி வாங்க முடியும். காயின் தரத்துக்கு மாதிரி பார்க்காமல் காசு கொடுக்காதவர்கள் இதற்கு மட்டும் ஏன் மாதிரி கேட்பதில்லை என்பது எனக்குப் புரியாத புதிர்.

சட்டம் வழி தருமா? ஐரோப்பாவில் தருகிறது. 2025 செப்டம்பர் 12 முதல் நடைமுறைக்கு வந்த தரவுச் சட்டத்தின்படி, ஒரு தளத்தைவிட்டு இன்னொன்றுக்கு மாறுகிறவரிடம் மாற்றுக் கட்டணம் 2027 ஜனவரி 12 முதல் வாங்கவே கூடாது. அது வருவதை முன்னுணர்ந்து 2024 தொடக்கத்திலேயே கூகுளும் அமேசானும், முற்றாக வெளியேறுகிறவர்களின் வெளியேற்றக் கட்டணத்தைக் கைவிட்டன. அன்றாடம் வெளியே போகும் தரவுக்கான கட்டணம் அப்படியே நிற்கிறது.

இந்தியாவில் 2024 மார்ச்சில் கம்பெனி விவகார அமைச்சகம் வெளியிட்ட டிஜிட்டல் போட்டி மசோதாவின் வரைவு, கிளவுட் சேவையையும் முதன்மை டிஜிட்டல் சேவைகளின் பட்டியலில் சேர்த்திருந்தது. இந்தியாவில் 1 கோடிப் பயனர்களோ 10,000 வணிகப் பயனர்களோ உள்ள பெருநிறுவனங்களை அது கட்டுப்படுத்தும். பயனர் தன் தரவை எடுத்துப்போக இடம் தரும் விதியும் அதில் இருந்தது. வரைவு சட்டமாகவில்லை. சட்டமானாலும் அந்தப் பதினாயிரம் வணிகப் பயனர் கணக்கில் போடி வியாபாரி வர மாட்டார். தளத்தின் ஏட்டில் வணிகப் பயனர் என்று பதிவாகியிருப்பவர் அவருக்கு மென்பொருள் விற்றவர்.